மடியில் இருந்த கோப்பை

6 ஜனவரி 2025, திங்கள்
பட்டறையில் பைக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்தபோது மகள் அஃப்ஷா போன் செய்தாள். எங்கள் தாராவிப் பள்ளிக்கூடத்தின் பழைய போட்டோக்களைச் சேர்த்து, குடியரசு தினத்தன்று கண்காட்சி வைக்கிறார்களாம், பொறுப்பு இவளுக்காம். ஹாலில் மாட்டியிருந்த என் கபடிப் படத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டாளாம். என்னைக் கேட்காமல்! "மூணடிக்குப் பெருசு பண்ணுதோம் வாப்பா" என்கிறாள். ஜிப்பைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன்.

7 ஜனவரி
இங்கேயாவது உண்மையை எழுதிவிடுகிறேன். 1984, ஒன்பதாம் வகுப்பு. நடுவில் உட்கார்ந்து மடியில் கோப்பையை வைத்திருப்பது நான்தான். ஆனால் கேப்டன் இல்லை. கபடியே ஆடவில்லை. ஆடியவர்களின் சட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அணியும் முதல் ஆட்டத்திலேயே தோற்றது.

கோப்பை, படம் எடுக்க வந்த ஸ்டுடியோ மாரீஸ்வரன் அண்ணாச்சியுடையது. கோப்பை இருந்தால்தான் எல்லா வீட்டிலும் படத்துக்கு ஒரு பிரதி வாங்குவார்கள் என்று அவரே பையில் போட்டுக் கொண்டுவருவார். நான் குள்ளம். அதனால் நடுவில் உட்கார வைத்து, மடியில் கோப்பையை வைத்தார். அவ்வளவுதான் என் வெற்றி.

இந்தப் படத்தைக் காட்டித்தான் என் கல்யாணம் பேசினார்கள். "மாப்பிள்ளை கபடி கேப்டன்." பெண் வீட்டாரும் சளைக்கவில்லை. "எங்க ரஷீதாவும் தையல் போட்டியில கப்பு வாங்குனவதான்." அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை, விக்ரோலியில் மச்சான் அப்துல் வாஹித் வீட்டுப் பெட்டியில் கிடக்கிறதாம். ஆனால் முப்பது வருடமாக, என் தையலில் ஒரு நூல் பிசகினாலும் ரஷீதா அந்தக் கப்பை இழுத்துவிடுவாள். பதிலுக்குக் கேப்டனை இழுத்துத்தான் நான் சமாளிக்கிறேன். கேப்டனும் போய்விட்டால் என்னிடம் என்ன இருக்கிறது?

12 ஜனவரி
"கப்புல மராத்தியில என்னமோ எழுதியிருக்கு வாப்பா. நாளைக்குப் பெருசு பண்ணிப் படிக்கேன்" என்றாள் அஃப்ஷா. வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். கண்ணுக்குக் கெடுதல் என்றேன்.

13 ஜனவரி
படித்துவிட்டாள். 'சிறந்த சேவல். முதல் பரிசு. 1971.'

யா அல்லாஹ்! 1971இல் எனக்கு ஒரு வயது.

அஃப்ஷாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்தது. உம்மாவிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

19 ஜனவரி
ரஷீதாவைக் கண்காட்சிப் பக்கம் விடக்கூடாது. அன்றைக்கு டோம்பிவிலிக்குப் போய் உன் தங்கச்சியைப் பார்ப்போமா என்றேன். "ஆமா, கண்காட்சியில என்ன கிடக்கு? காலையிலேயே கிளம்பிருவோம்" என்றாள். நான் சொன்னதற்கு அவள் உடனே சரி என்றது இதுதான் முதல் தடவை. அல்ஹம்துலில்லாஹ், தப்பித்தேன்.

26 ஜனவரி, ஞாயிறு
தண்டவாள வேலை, மெகா பிளாக். ரயில் இல்லை. ஸ்டேஷனிலிருந்து திரும்பிய எங்கள் இருவரையும் அஃப்ஷா நேராகக் கண்காட்சிக்கு இழுத்துப் போனாள்.

கால்பந்து, நாடகம், பேச்சுப் போட்டி, ஆண்டு விழா— பதினோரு படங்கள். பதினொன்றிலும் அதே கோப்பை! ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அதில் கோப்பை வைத்திருந்த பெரிய மனிதரே முதுகால் மறைத்துக்கொண்டு நிற்கிறார். சத்தியம் செய்த என் மகள் உம்மாவிடம் வாயைத் திறக்கவில்லை. கோப்பையை மட்டும் தனியாக ஆளுயரத்துக்கு அச்சடித்து, அந்த மராத்தி வரியைக் கீழே தமிழில் எழுதி வாசலிலேயே வைத்துவிட்டாள்.

என் படத்துக்குப் பக்கத்தில் மச்சான் கொண்டுவந்த படம். 1986. இரட்டைச் சடை, மடியில் கோப்பை, ரஷீதா. நடுவில்தான் இருக்கிறாள். அவளும் குள்ளம்.

"தையல் போட்டி?" என்றேன்.

"அப்ப எனக்குப் பித்தான் தைக்கவே தெரியாது" என்றாள், என்னைப் பார்க்காமல். "நீங்க?"

"சட்டை பிடிச்சேன்."

"யாரை?"

"யாரையும் இல்ல. சட்டையை மட்டும்தான்."

முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினாள். முடியவில்லை. எனக்கும் முடியவில்லை. ஒரு சேவலை நம்பி இரண்டு குடும்பமும் சம்பந்தம் செய்திருக்கிறது! எனக்கு அவ்வளவு நிம்மதி.

3 பிப்ரவரி
இன்றும் ஒரு ஜிப்பைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். ரஷீதா பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"கொக்கரக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு, உட்கார்ந்து தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.