என் பெயரில் நீ வாங்கிய கடன்

என் செல்ல அண்ணா,

நீ போனபிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. அழுதுகொண்டே எழுத வேண்டிய கடிதம். ஆனால் எனக்குக் கோபம்தான் வருகிறது, என்ன செய்ய?

போன வாரம் விழுப்புரத்தில் பேங்குக்குப் போனேன். பி.எட். சேரக் கடன் கேட்கலாம் என்று பல நாள் யோசித்து எடுத்த முடிவு. மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு பர்சனல் லோன் ஓடுதேம்மா. ரெண்டு மாசமா கட்டாம நிக்குது" என்றார். நான் எந்த லோனும் வாங்கவில்லை என்று அவரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அப்புறம்தான் லோன் எடுத்த தேதியைச் சொன்னார்.

போன ஆடித் தள்ளுபடியின் முதல் நாள் அது. நான் வேலை பார்க்கும் திண்டிவனம் கடையில், துணி வாங்க வந்த கூட்டத்துக்கு நடுவே பில் போட்டுக்கொண்டிருந்தேன். நீ போன் பண்ணினாய்.

"பாப்பா, உனக்கு ஒரு ஓடிபி வரும், ஜல்தி சொல்லு."

"எதுக்குண்ணா?"

"உன் ஆதார்ல அட்ரஸ் மாத்திக்கினு இருக்கேன். கூட்டத்துல நின்னுக்கினு கேள்வி கேக்காத, நம்பரைச் சொல்லு."

சொன்னேன். என் பேங்க் கார்டும் உன்னிடம்தான் இருந்தது. கூடப்பிறந்த அண்ணனிடம் யாராவது கணக்குக் கேட்பார்களா?

எதற்கு அந்தப் பணம் என்று உன் சிநேகிதன் செல்வத்திடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே, "பைக்குக்கு எடுத்த லோனை அடைக்கத்தான்மா. ஆளுங்க வந்து பேஜாரு பண்ணிக்கினு இருந்தாங்க" என்றான். கையில் காசு சேர்த்து வாங்கிய வண்டி என்றல்லவா எங்களிடம் சொன்னாய்? நான் தவணையில் ஸ்கூட்டி எடுக்கிறேன் என்றபோது, "கடன்லாம் நமக்கு ஆவாது பாப்பா, பஸ்ஸுல போயிட்டு வா" என்று புத்தி சொன்னது நீதானே? உன் பேச்சைக் கேட்டு இன்றைக்கும் திண்டிவனம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பேன், அண்ணா. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

உயிரோடு இருந்தவரை மாதம் தவறாமல் கட்டியிருக்கிறாய். காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்க மாட்டாய் என்று நீயும் நினைத்திருக்க மாட்டாய். உன் வண்டியை விற்ற பணம் உன் காரியத்துக்கே சரியாகப் போயிற்று. இனி அந்தக் கடனை நான் கட்ட வேண்டும். இல்லையென்றால் போலீசில் புகார் கொடுத்து, அந்தக் காப்பியைப் பேங்குக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறார் மேனேஜர். யார் மேல் சந்தேகம் என்று அதில் எழுத வேண்டுமாம்.

அம்மாவிடம் சொன்னேன். உனக்காக அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்வருகிறவள் அவள்.

"செத்துப்போன புள்ளைய ஸ்டேஷனுக்கு இழுக்கப் போறியாடி? இந்தா, இதை வித்துக் கட்டிடு" என்று காதிலிருந்த கம்மலைக் கழற்றி என் கையில் வைத்தாள். போன வருஷம் பி.எட். ஃபீசுக்கு இதே கம்மலைக் கேட்டேன். மூளிக் காதோடு நாலு பேர் முன்னால் எப்படி நிற்பது என்று கேட்டவள் அவள். உன் பெயரைக் காப்பாற்ற மட்டும் அது கழன்று வந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு நீங்கள் இரண்டு பேருமே அந்நியமாகிவிட்டீர்கள்.

கம்மலை நானே அவள் காதில் திரும்ப மாட்டிவிட்டேன். அவள் என்னோடு பேசுவதில்லை.

திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போகிறேன். உன் பெயரை எழுதத்தான் போகிறேன். என் படிப்பை உன் கடனுக்குக் கொடுக்க மாட்டேன். அவர் உனக்கு என்ன உறவு என்று கேட்பார்கள். அப்போது தலை குனிய மாட்டேன், அண்ணா. எனக்கு இருந்த ஒரே அண்ணன் என்றுதான் சொல்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
இன்னும் உன்னைத் தேடும் உன் தங்கச்சி,
பாப்பா