சட்டைக் கழுத்தில் தைத்த பெயர்

அக்கா,

நேற்று உங்களுடைய பழுப்பு நிறக் கம்பளிச் சட்டையைத் துவைக்கலாமென்று உள்பக்கம் புரட்டினேன். கழுத்துப் பட்டியின் நடுவில் சுண்டுவிரல் அகலத்தில் ஒரு வெள்ளை நாடா இருந்தது. அதில் சிவப்பு நூலில் நஸ்ரின் என்று நெய்திருந்தது. நான்கு மூலையும் உள்ளே மடித்து, தையல் வெளியே தெரியாமல் தைத்த கை உங்களுடையதுதான். சட்டையை மடியில் வைத்துக்கொண்டு குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நாடா உங்களுக்காக நெய்யப்பட்டதில்லை. அது என் மகளுக்கு வாங்கியது.

ஹேர்னிங்கில் நாங்கள் இருவரும் வேலை செய்த அந்தத் தையல் தொழிற்சாலை இப்போது இல்லை. நீங்கள் மெஷினில் இருந்தீர்கள், நான் பெட்டி கட்டும் மேசையில் நின்றேன். நீங்கள் ஈரானிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்தவர், நான் யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணம் கட்டி வந்தவள். இருவருடைய டேனிஷும் நொண்டி. ஆனால் நீங்கள் பேசியதெல்லாம் என் நினைவில் என்னுடைய தமிழாகத்தான் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

வந்த புதிதில் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பீர்கள். மறுபடி கேட்டாலும் வேண்டாம். சரி என்று நான் விட்டுவிட்டால் முகம் வாடிவிடும். ஒருநாள் நீங்களே சிரித்துக்கொண்டு சொல்லித் தந்தீர்கள், என் பெயரோடு உங்கள் மொழியின் செல்லச் சொல்லான ஜானையும் சேர்த்து.

"எங்கட ஊரில மூண்டுதரம் மறுக்கிறதுதான் மரியாதை. நாலாந்தரமும் கேக்க வேணும், வசந்தி ஜான்."

"அப்ப டேனிஷ்காரர் வீட்டில என்னெண்டு சாப்பிட்டனீங்கள்?"

"பட்டினிதான். அவை ஒருதரம்தானே கேப்பினம்."

அன்றிலிருந்து நான் உங்களை நான்கு தரம் கேட்கப் பழகினேன். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

உங்கள் நாற்பதாவது பிறந்தநாளுக்குத் தொழிற்சாலையில் கேக் வைத்து, மேசை நிறையச் சின்னக் கொடிகள் நட்டு, எல்லோரும் பாடினார்கள். நீங்கள் வெட்டிப் பகிர்ந்துவிட்டு, கோட்டு மாட்டும் அறைக்கு என்னைக் கூட்டிப்போனீர்கள்.

"இது என்ர பிறந்தநாள் இல்ல," என்றீர்கள். "எனக்கு முன்னம் பிறந்த பிள்ளையின்ர. அவ ரெண்டு வயசுக்குள்ள செத்துப் போனா. பிறகு நான் பிறந்தன். அப்பா எனக்கெண்டு புதுப் பதிவு எடுக்கேல்ல. அவவின்ர பதிவையும் பேரையும் எனக்குத் தந்திட்டார்."

அந்தக் காலத்தில் அங்கே பலர் அப்படிச் செய்தார்களாம். அதையும் பகிடியாக்கினீர்கள், பென்ஷன் உங்களுக்கு இரண்டு வருஷம் முந்தி வரும் என்று. பிறகு கொக்கியில் தொங்கிய கோட்டு ஒன்றைத் தடவிக்கொண்டு சொன்னீர்கள்: "அம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடேக்க என்னைப் பாக்க மாட்டா. கதவைத்தான் பாப்பா."

"அப்ப உங்கட பேர் என்ன?"

"எனக்கு ஒருத்தரும் பேர் வைக்கேல்ல."

"நான் உங்களை அக்கா எண்டு கூப்பிடுறன்," என்றேன். எங்கள் ஊரில் கடைக்கார மனுசியைக்கூட அப்படித்தான் கூப்பிடுவோம். நீங்கள் அதை மூன்று நான்கு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தீர்கள். "இது புதுசு," என்றீர்கள். "ஒருத்தரும் போட்டுக் கழட்டின பேர் இல்ல."

என் பிள்ளை பிறந்த அன்று புயல். கடலுக்கு அந்தப் பக்கம் டோஸ்ட்ருப்புக்கு வேலையாகப் போன என் கணவரால் வரமுடியவில்லை, இடையிலுள்ள பாலத்தைப் பூட்டிவிட்டார்கள். பத்தொன்பது மணித்தியாலம் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது நீங்கள். என் நகம் பட்டு உங்கள் மணிக்கட்டில் இரத்தம். பிள்ளையை உங்கள் கையில் தந்து, உங்களுடைய பெயரைத்தான் வைக்கப் போகிறேன் என்றேன்.

வேண்டாம் என்றீர்கள். வீட்டுக்கு வந்தபிறகு கேட்டேன், வேண்டாம் என்றீர்கள். மூன்றாந்தரம் கேட்டபோது என் கையை இறுக்கிப் பிடித்து, "அது செத்தவளின்ர. எனக்குக் கழட்ட வழியில்ல. உன்ர பிள்ளைக்குப் போடாத," என்றீர்கள். ஆறு மாதத்துக்குள் பெயர் பதிய வேண்டும். படிவத்தை வைத்துக்கொண்டு நாலாந்தரம் கேட்டேன். நீங்கள் பேசவில்லை. குனிந்து பிள்ளையின் நெற்றியில் முத்தம் கொடுத்தீர்கள். மறுக்க வேண்டிய மட்டும் மறுத்தாயிற்று, மரியாதை முடிந்தது என்று நான் நினைத்தேன். சந்தோஷமாக எழுதினேன்.

வீட்டில் சண்டை. "அது சோனக ஆக்களின்ர, முஸ்லிம் பேரெல்லோ? கோயிலில என்னெண்டு சொல்லுறது?" என்றார் கணவர்.

"பெத்தது நான். பிடிச்சுக்கொண்டு நிண்டது அக்கா. நீங்கள் பாலத்துக்கு அங்கால நிண்டனீங்கள்," என்றேன்.

பிள்ளைகள் காப்பகத்தில் எல்லா உடுப்பிலும் பெயர் தைத்திருக்க வேண்டும் என்றார்கள். பெயர் நெய்த நாடாவை ஒரு சுருளாக வாங்கினேன். ஒவ்வொன்றாக வெட்டித் தைப்பதற்கு நீங்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தீர்கள். பனி உடுப்பு, தொப்பி, காலுறை, கையுறை. சுண்டைக்காய் அளவு கையுறைக்குள்ளும் அந்தப் பெயர். "சப்பாத்துக்குள்ளயும் தைக்கப் போறீங்களோ?" என்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "துலைஞ்சு போகக் கூடாது," என்றீர்கள்.

பிள்ளை நடக்கத் தொடங்கி ஒரு மாதம். ஒருநாள் காலையில் காய்ச்சல் வந்தது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். அடுத்த நாள் மத்தியானம் பிள்ளை இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் நீங்கள் அல்வா கிண்டிக்கொண்டு வந்தீர்கள், உங்கள் ஊர்ச் சாவீட்டு வழக்கப்படி. கோபம் வந்தால் நான் தமிழில்தான் ஏசுவேன், தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு ஒவ்வொரு சொல்லாகத் தேடி டேனிஷில் சொன்னேன், உங்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காக. உங்களுடைய செத்த பெயர்தான் என் பிள்ளையைக் கொன்றது என்று சொன்னேன். அலமாரியில் கிடந்த நாடாச் சுருளை எடுத்து உங்கள் மேல் எறிந்தேன்.

நான் மூன்று தரம் வேண்டாம் என்று சொன்னேனே என்று நீங்கள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தரையில் அவிழ்ந்து ஓடிய நாடாவைக் குனிந்து சுற்றி எடுத்து, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனீர்கள். அல்வாத் தட்டு மேசையிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருடம். தொழிற்சாலை போலந்துக்குப் போயிற்று, நீங்கள் பக்கத்து நகரமான சில்க்போர்க்குக்குப் போனீர்கள் என்று யாரோ சொன்னார்கள். ஒருமுறை கடையில் பால் அடுக்கிய இடத்தில் எதிர்ப்பட்டோம். தலையை அசைத்தோம், அவ்வளவுதான். பனிக்காலத்தில் நான் மகளின் கல்லறைக்குப் போவதற்கு முன்பே யாரோ கல்லின் மேல் பனியைத் துடைத்துவிட்டிருப்பார்கள். யாரென்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு தொலைபேசி எடுக்கவில்லை. நெஞ்சழுத்தம் என்பார்களே, அதுதான்.

போன வருடம் இலை கொட்டும் காலத்தில் சில்க்போர்க் முதியோர் இல்லத்திலிருந்து ஒரு தமிழ்ப் பிள்ளை கூப்பிட்டாள். அங்கே பராமரிப்பு வேலை செய்கிறவள்.

"அன்ரி, நஸ்ரின் தன்ர சொந்தக்காரர் எண்ட இடத்தில உங்கட பேரைத்தான் எழுதியிருக்கிறா. கொஞ்சம் கடுமையாத்தான் இருக்கு. ஒருக்கா வந்து பாக்கிறீங்களோ?"

"ஓம் பிள்ளை, வாறன்," என்றேன்.

முழங்கால் வலி என்று ஒரு கிழமை. கோயிலில் பூசை என்று இன்னொரு கிழமை. உண்மையில் பயம். நீங்கள் அந்தக் கதையை எடுப்பீர்களோ என்று பயம், எடுக்காமல் என் கையைப் பிடித்துவிடுவீர்களோ என்று அதைவிடப் பயம். மூன்றாவது கிழமை அந்தப் பிள்ளை திரும்ப எடுத்தாள். குரலிலேயே விளங்கிவிட்டது.

நான் போனபோது உங்கள் அறையின் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள், கட்டில் வெறுமையாக இருந்தது. அவள் அலமாரியைத் திறந்து காட்டினாள்.

"இஞ்ச உடுப்பு எல்லாம் ஒண்டாத்தான் தோய்க்கிறது. அதால எல்லாத்திலயும் பேர் இருக்கவேணும். நாங்கள் ஒட்டித் தாறம் எண்டனாங்கள். அவ விடேல்ல, தன்னட்ட இருக்கெண்டு சொல்லி இருந்து இருந்து தைச்சவ. கண்ணும் வடிவாத் தெரியாது. நீங்கள் உடுப்புகளைக் கொண்டுபோறீங்களோ அன்ரி?"

"வேண்டாம் பிள்ளை."

"ஓகே," என்று அலமாரியைச் சாத்தினாள். இங்கே பிறந்த பிள்ளை, ஒருதரம்தான் கேட்பாள். படிவரை போய்த் திரும்பி வந்து, அந்தப் பழுப்புச் சட்டையை மட்டும் தா என்று நானே கேட்டு வாங்கினேன். அதன் பையில் மிச்ச நாடாவும் இருந்ததை நேற்றுத்தான் கண்டேன், இரண்டு பெயர் வெட்டலாம்.

உங்கள் சாம்பலை எங்கே வைக்க வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருந்தீர்கள். ஹேர்னிங்கில், என் மகள் கிடக்கும் அதே மயானத்தில், பெயர் எழுத வேண்டாம் என்றவர்களுக்கான புல்வெளியில். கல்லும் இல்லை, பலகையும் இல்லை. எந்த இடம் என்று குடும்பத்துக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். அந்தப் பெயரைக் கடைசியில் கழற்றிவிட்டீர்கள். முழு மயானத்திலும் அது இருப்பது என் பிள்ளையின் கல்லில் மட்டும்.

இன்று காலை உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். துவைக்கவில்லை. நாடாவின் விளிம்பு பிடரியில் உரசியது, உரசட்டும் என்று விட்டேன். கல்லில் ஒரு பூ வைத்துவிட்டுப் புல்வெளி ஓரத்தில் நின்றேன். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்க டேனிஷில் சொல் தேடி வைத்திருந்தேன். வரவில்லை. அக்கா என்று மட்டும் கூப்பிட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. பக்கத்தில் பூவுக்குத் தண்ணீர் ஊற்றிய கிழவர் திரும்பிப் பார்த்தார்.

செத்தவளிடமிருந்து வராமல் உங்களுக்கென்று கிடைத்த பெயர் அது ஒன்றுதான். கூப்பிட நான் ஒருத்திதான் இருந்தேன். இருபத்து மூன்று வருடம் அதைக் கூப்பிடாமல் வைத்திருந்தேன், அக்கா.

வசந்தி