ஏழாவது சுற்றில் தட்டுகிறவர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். என் வலது முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் நலம். அந்த முழங்கால் புதிதாக வைத்தது, ஆகவே உடம்பிலேயே அதுதான் இளசு என்று உன் அம்மா கேலி செய்கிறாள். வேலை வேலை என்று வயிற்றைக் காயப் போடாதே.

ஆறு வாரம் நான் நம் தானியக் கடைக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் என்னைவிட உன் அம்மாதான் கலங்கிப்போனாள். "இந்த மனுஷனை நாள் பூரா வீட்ல வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்" என்று உன்னிடம் போனில் புலம்பியிருக்கிறாள். உன் கம்ப்யூட்டர் ஆட்டத்தின் கேள்விப் பக்கத்தில் ஆட்கள் கேட்டுக் குவித்திருக்கிறார்கள், பதில் சொல்ல உனக்கு நேரமில்லை, "வேணும்னா அப்பா சொல்லட்டும்" என்றாயாம். ஆறு வருஷத்தில் என்னைப் பற்றி உன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. அதற்காகவே சரி என்றேன்.

முதலில் ஒன்றும் விளங்கவில்லை. உன் கூட்டாளி, அந்த வரைபடம் வரைகிற பெண், பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். பழைய ராஜாக்கள் சண்டை போடும் ஆட்டம் ஏதோ ஒரு கம்பெனியுடையது. அதற்குள் நீங்கள் இருவரும் சொந்தமாகப் பன்னிரண்டு ஊர்களையும் தானியக் கிடங்குகளையும் வண்டிப் பாதைகளையும் சேர்த்திருக்கிறீர்கள். அதற்கு மோட் என்று பெயர். அடுத்தவன் கட்டிய கடையில் நம் சரக்கை அடுக்குவது. இதை எனக்கா சொல்ல வேண்டும்?

அதன் பிறகு வெளுத்து வாங்குகிறேன். மூன்றாவது சுற்றிலேயே என் படை கலைந்து ஓடுகிறதே, ஏன் என்று ஒருத்தன் கேட்டான். சோற்றைக் குறைத்துவிட்டு வேலையைக் கூட்டினால் நானாக இருந்தாலும் ஓடுவேன் என்று எழுதினேன். முற்றுகை வந்த பிறகு தானியம் கிடைக்கவில்லை என்று இன்னொருத்தன் அழுதான். உன் முகத்தில் பதற்றம் தெரிந்தால் விற்கிறவன் மூட்டையை உள்ளே இழுத்துக்கொள்வான், மூன்று சுற்று முன்னாலேயே வாங்கிப் போடு என்றேன். ஜெயித்துவிட்டானாம். இப்போது எனக்கு அங்கே 'மூட்டைத் தாத்தா' என்று பெயர்.

ஒரு விஷயம் மட்டும் நீ பார்க்க வேண்டும். ஆற்றங்கரை ஊரின் கிடங்கைப் பற்றி நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். தானியம் முழுவதையும் எடுத்த பிறகும் உள்ளே ஓர் ஆள் இருப்பதாகக் காட்டுகிறதாம். அவரைப் படையில் சேர்க்க முடியவில்லை, வெளியே அனுப்பவும் முடியவில்லை. ஒருத்தன் எரிச்சலில் ஊரையே கொளுத்தியிருக்கிறான். சுவர்கூட மிஞ்சவில்லை, ஆள் எண்ணிக்கை மட்டும் ஒன்று. எலியையும் ஆள் கணக்கில் சேர்த்திருப்பார்கள் என்று பதில் போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். குதிரைக்காரன் என்ற பெயரில் வருகிறவன் மட்டும் சிரிக்கவில்லை. கிடங்கைப் பூட்டியதிலிருந்து ஏழாவது சுற்றில் உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்கிறது, எலி தட்டுமா என்று கேட்டிருக்கிறான்.

வாங்குகிறவர் அரிசியில் கல் என்றால் நாம் வாதாடக் கூடாது, புடைத்துப் பார்க்க வேண்டும். பார்த்து எழுது.

நீ நிறைவாக இருக்க வேண்டும் என்ற நினைப்புடன்,
அப்பா

*

என் மகளுக்கு,

முதல் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. இது கேள்விப் பக்கத்தில் எழுதக்கூடிய சங்கதியும் இல்லை. அதனால் மறுபடியும் காகிதம்.

உன் கூட்டாளிப் பெண் இரண்டு நாள் உட்கார்ந்து உங்கள் கோப்புகளை எல்லாம் அலசிவிட்டாள். "அங்கிள், அந்தக் கிடங்குல நாங்க ஆளே வைக்கல. சத்தமும் வைக்கல. நாங்க எழுதாதது திரையில எப்படித் தெரியும்?" என்றாள். அப்படியானால் அவளுக்குத் தெரியாமல் நீ வைத்திருக்க வேண்டும். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் குதிரைக்காரன் மறுபடி வந்தான். தட்டுகிற இடத்தில் படையை நிறுத்திக் காத்திருந்தானாம். திரையில் ஓர் ஓலை விரிந்ததாம். அதில் ஒரே வரி. "அண்ணே, எம் பேரைச் சொல்லலையே." யார் இந்த அண்ணன், எந்தப் பெயரைச் சொன்னால் இந்த ஆள் வெளியே வருவார், ஆட்டத்தில் இருக்கிற எல்லாப் பெயரையும் போட்டுப் பார்த்துவிட்டேன் என்று கேட்டிருந்தான்.

அதைப் படித்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். முழங்கால் வலித்ததுகூடக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

உனக்கு அப்போது எட்டு வயது. நம் கடையில் மூட்டை தூக்கிய நெட்டை மாமா, மூட்டைகளை அடுக்கிய அட்டியின் உச்சியில் உன்னைத் தூக்கி உட்கார வைப்பான், நினைவிருக்கும். வண்டு வராமல் இருக்கக் கிடங்குக்குள் நச்சுப்புகை மருந்து வைத்து, கதவு இடுக்கெல்லாம் காகிதம் ஒட்டி ஏழு நாள் மூடி வைப்போம். மூடும் முன் முதலாளி வாசலில் நின்று ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட வேண்டும். குரல் கொடுத்துவிட்டு ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். எங்கள் தொழிலில் அது சாமி கும்பிடுவது போல, யாரும் தவற மாட்டார்கள்.

அப்படி மூட இருந்த ஒரு நாள் காலையில் எனக்கும் நெட்டையனுக்கும் தகராறு. ஈரச் சரக்கைக் காய்ந்ததோடு கலந்து அடுக்கிவிட்டான் என்று நான் கத்தினேன். "நாளையிலேர்ந்து வராதே" என்றேன். அவனும், "நீங்களே கூப்பிடுவீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். சாயங்காலம் ஆட்களைக் கூப்பிட்டபோது அவன் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. கூப்பிட்டால் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொண்டதாக ஆகிவிடும். விட்டுவிட்டேன். அவன் உள்ளே அட்டிக்குப் பின்னால், பெயர் சொன்னால்தான் எழுந்து வருவேன் என்று வீம்பாக உட்கார்ந்திருப்பான் என நான் கண்டேனா?

மறுநாள் நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "அப்பா, குடோன்ல யாரோ தட்டுறாங்கப்பா." எலிம்மா, போய்ப் படி என்றேன். உன்னை அனுப்பிவிட்டு நான் போய்க் கதவில் காதை வைத்தேன். அந்த வரி, அதே வார்த்தைகளில், மிக மெல்லிய குரலில் உள்ளிருந்து வந்தது. நீ அப்போது அங்கே இல்லை. வேறு யாரும் இல்லை.

திறந்தால் நஞ்சுக் காற்று தெருவில் அடிக்கும், தெருவில் நீ விளையாடுகிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, முதன்முதலாக முழுக்க முழுக்க என் பெயரில் வந்திறங்கிய அந்தச் சரக்கு. காகிதத்தைக் கிழித்தால் எல்லாம் வண்டுக்குத்தான். எலி, எலி என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திரும்பி நடந்தேன். எட்டாம் நாள் நான் தனியாகப் போய்த் திறந்தேன். அந்த வாரமே கிடங்கின் மண் தரைக்கு சிமெண்டு பூசியதை நீ பார்த்தாய், ஏன் என்றுகூடக் கேட்டாய். நெட்டையன் கோபித்துக்கொண்டு கப்பல் வேலைக்குப் போய்விட்டான் என்று ஊருக்குச் சொன்னேன். அவன் தங்கை இன்றும் வருஷத்துக்கு ஒருமுறை கடைக்கு வந்து, "அண்ணன் ஏதாச்சும் எழுதுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

குதிரைக்காரனுக்கு என்ன பதில் போடுவது? மூன்று நாள் தள்ளிப் போட்டேன். பிறகு நெட்டையனின் முழுப் பெயரை, அவன் அப்பா பெயரோடு சேர்த்து எழுதி அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "நன்றி மூட்டைத் தாத்தா, கதவு திறந்துவிட்டது. கிடங்கில் இப்போது யாரும் இல்லை. ஆனால் என் ஆளுநர் மாளிகையில் ஓர் ஆள் கூடுதலாகக் காட்டுகிறது. இவரை எப்படி வெளியே அனுப்புவது?"



இன்று காலை உன் அம்மா சமையலறையிலிருந்து, "வாசல்ல யாரோ ரொம்ப நேரமா நிக்கிறாங்க, உள்ள வரச் சொல்லுங்களேன்" என்றாள். ஊன்றுகோலோடு போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. ஆனாலும் வா என்றேன். வேறு என்ன சொல்ல?

நாளை உன் அம்மாவிடம் சொல்லப் போகிறேன். நாளை மறுநாள் அவன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு, அங்கிருந்தே காவல் நிலையத்துக்குப் போகிறேன். கிடங்குச் சாவி சட்டைப் பையில் இருக்கிறது. வயசான காலத்தில் எதற்கு என்று வக்கீல் தடுத்தார். உங்களைக் கேட்கவில்லை என்றேன். அம்மாவிடம் அடிக்கடி பேசு, அவள் தனியாக இருப்பாள்.

நீ ஏன் வீட்டுக்கு வருவதில்லை என்று நான் உன்னிடம் கேட்டதே இல்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்ற பயம். அன்று நீ திரும்பி வந்து எனக்குப் பின்னால் நின்றாயா? அந்த வரியை நீயும் கேட்டாயா? இத்தனை வருஷம் அதைச் சுமந்து, கடைசியில் ஆட்டத்துக்குள் வைத்து, கேள்விப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தாயா? அப்படியானால் நீ செய்தது சரி. ஒரு வார்த்தை தப்பு சொல்ல மாட்டேன். நீ என்னைக் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்வேன்.

யார் கூப்பிட்டாலும் ஓடிப் போய்க் கதவைத் திறக்கிறவளாக நீ நீண்ட காலம் வாழ வேண்டும். அப்பாவுக்காக ஒன்றே ஒன்று செய். நீதான் அதை எழுதி வைத்தாய் என்று ஒரு வரி எழுதிப் போடு. ஆட்டத்தில் அதை நீ வைக்கவில்லை என்றாலும், 'நான்தான், அப்பா' என்றே எழுதிவிடு, கண்ணு.

உன் அப்பா