கோச் கேட்ட கையெழுத்து

பாப்பா அம்மாவுக்கு,

இங்கே நான் சுகம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மாத்திரையை விட்டுவிடாதே.

பாப்பா போனில் அழுதாள். காலேஜ் பாஸ்கெட்பால் டீமில் சீனியர் பெண்கள் ஐந்து பேர் படிப்பு முடிந்து போய்விட்டார்களாம். புதிதாக வந்தவர்கள் நன்றாக ஓடுகிறார்கள். பந்து கைக்கு வந்தால்தான் பதறுகிறார்களாம். இவள் இருந்தால் இந்த வருஷம் அரையிறுதி வரை போகலாம் என்கிறார் கோச். நீ பெற்றோர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட மறுக்கிறாய். டாக்டர் ஆடலாம் என்று சொன்ன பிறகும், போன வருஷம் வீங்கிய அவள் முழங்கால் உன் கண்ணிலேயே நிற்கிறது. உன் பயம் எனக்குப் புரிகிறது.

ஒன்று சொல்கிறேன், திட்டாதே. நான் வேலை பார்க்கும் விளையாட்டு அரங்கில், நான் துடைத்த ஈரத்திலேயே வழுக்கி விழுந்தேன். அவ்வளவு சுத்தமான வேலை! வெறும் சுளுக்குதான், இப்போது நடக்கிறேன். பயிற்சியில் இருந்த காலேஜ் பெண்கள் பந்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

"எழுந்திருக்காதீங்க அங்கிள், நாங்க தூக்கறோம்" என்றாள் கேப்டன்.

"என் வெயிட்டு தெரியாம பேசாதம்மா."

"வாயை மூடிட்டு காலை நீட்டுங்க."

ஐஸ் வைத்துக் கட்டிவிட்டு, வெகுநேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்று வருஷத்தில் இங்கே என்னை உரிமையோடு அதட்டியவள் அவள் ஒருத்திதான்.

பாப்பா ஆடுவதைப் போனில் எடுத்து அனுப்பு. நீ பக்கத்தில் நின்று ஏதாவது பேசிக்கொண்டே எடு.

அவள் விழுந்தால் தூக்க நான் அங்கே இல்லை. அவள் டீம் பெண்கள் இருப்பார்கள். கையெழுத்துப் போட்டுவிடு.

வேலைக்குப் போகிற பஸ் வந்துவிட்டது.

பாப்பா அப்பா