பாப்பாவின் ஃபைலில் என் கடிதம்

மார்ச் 3

பாப்பாவுக்கு ஐந்து வயதுத் தடுப்பூசி. கிளம்பும் அவசரத்தில் அவள் ஃபைலைத் திறந்தால் என் பெயர் போட்ட உறை ஒன்று கீழே விழுந்தது. மருத்துவமனையிலிருந்து எந்தத் தாள் வந்தாலும் அவள் ஃபைலில் செருகிவிடுவது என் பழக்கம். இதைப் பிரித்து, முதல் வரியைப் படித்து, ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று செருகியது இப்போது நினைவு வருகிறது. போன ஜூலை. எட்டு மாதம்!

கருப்பை வாய்ப் பரிசோதனை முடிவு. வைரஸ் இருக்கிறது, செல்களில் மாற்றம் தெரிகிறது, விரைவில் வரவும்.

அவளுக்கு ஒரு ஊசிகூடத் தப்பியதில்லை. எனக்கு?

மார்ச் 5

டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். ஏதோ வினிகர் மாதிரி ஒரு திரவத்தைத் தடவினார். மாற்றமுள்ள இடம் மட்டும் வெள்ளையாகுமாம். திரையில் தெரிந்தது, அரிசி அளவு. “நல்லா இருமுங்க,” என்றார். இருமுவதற்குள் துளி சதையைக் கிள்ளி எடுத்துவிட்டார். கெட்டிக்காரி.

மார்ச் 16

மாற்றம் இரண்டாம் படியில் இருக்கிறதாம்.

“கேன்சரா டாக்டர்?”

“இல்லம்மா. விட்டா பல வருஷம் கழிச்சு அப்படி ஆகக்கூடிய மாற்றம். மொத்தம் மூணு படி. இன்னொரு குழந்தை வேணும்னு இருக்கீங்களா?”

“ஆமா.”

“அப்போ ரெண்டு வழி. அந்த இடத்த இப்பவே எடுத்துடலாம். அடுத்த பிரசவம் கொஞ்சம் முன்னாடியே ஆகிற வாய்ப்பு கூடும். இல்லாட்டி ஆறு மாசம் பாக்கலாம். நூத்துல பாதிப் பேருக்கு உடம்பே சரிபண்ணிக்கும். ஆனா சொன்ன தேதிக்கு வரணும். வருவீங்களா?”

அந்தக் கடைசிக் கேள்விதான் சுருக்கென்றது.

நூற்றுக்கு ஐம்பது. விதைப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலையே நூறு விதையைத் தட்டில் பரப்பி எத்தனை முளைத்தது என்று எண்ணுவது. ஐம்பது முளைத்த மூட்டைக்கு நான் கையெழுத்துப் போட்டதே இல்லை. ‘எடுத்துடுங்க’ என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. நாலு நாள் யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

மார்ச் 17

வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பிடித்துக்கொண்டேன். “யார்கிட்டேருந்து வந்துச்சு? சொல்லுங்க!” லிஃப்ட் ரிப்பேர் பையோடு வாசலிலேயே நின்றார்.

டாக்டர் சொன்னதில் பாதியை நான் அவரிடம் சொல்லவே இல்லை. இந்த வைரஸ் உடலுறவில் தொற்றும். ஆனால் பல வருஷம் சத்தமில்லாமல் கிடக்கும். யாரிடமிருந்து, எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. கல்லூரிக் கடைசி வருஷம் எனக்கும் ஒரு கதை உண்டே? அது தெரிந்துதானே என்னைக் கட்டிக்கொண்டார்? எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன்?

மார்ச் 18

மீதிப் பாதியையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

“அதே கேள்விய நான் கேட்டிருந்தா வீடு ரெண்டாயிருக்கும்,” என்றார். நியாயம்தான். பிறகு அவரே, “எந்த மாடியில ஏறுச்சுன்னு எதுக்கு ஆராய்ச்சி? இப்ப ரெண்டுல நிக்குது. கீழ இறங்குதான்னு பாப்போம்.”

இந்த மனுஷனுக்கு உலகத்தில் எல்லாமே லிஃப்ட்தான்.

மார்ச் 20

மிளகாய் விதை, ஏழாம் நாள், முதல் எண்ணிக்கை. நூற்றுக்கு நாற்பத்தெட்டு.

“என்னடி, தட்டக் கழுவி வெச்சுடவா?” என்றார் பக்கத்து மேசை அக்கா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதல் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு ஒரு தட்டையே கழுவிக் கவிழ்த்தவள் நான். ஏழு வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லியே மானத்தை வாங்குகிறார்.

“பதினாலாம் நாள்தான்கா கணக்கு,” என்றேன். சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தட்டைத் தேதி போட்டு வைத்துப் பார்ப்பது வேறு. அலமாரியில் போட்டு மறப்பது வேறு. எட்டு மாதம் நான் செய்தது இரண்டாவது.

டாக்டருக்குப் போன் செய்தேன். “காத்திருக்கேன். தேதி குடுங்க.” செப்டம்பர் 18.

ஏப்ரல் 9

பயம் இருக்கிறது. அதுபாட்டுக்கு இருக்கட்டும்.

ஜூன் 2

இன்று அந்தப் பயம் குளிக்கும்போது மட்டும்தான் வந்தது.

ஆகஸ்ட் 11

அவர் எனக்கென்று தனி ஃபைல் வாங்கிவந்தார். பச்சை. பாப்பா அதன்மேல் ‘அம்மா’ என்று எழுதினாள். ம் மேல் புள்ளி இல்லை. பரவாயில்லை.

செப்டம்பர் 18

சொன்ன தேதி. கால் மணி முன்னாலேயே போய்விட்டேன். படுத்ததும் நானாகவே இருமினேன். “நான் இன்னும் சொல்லவே இல்லையேம்மா!” என்று டாக்டர் சிரித்தார்.

செப்டம்பர் 30

ஒன்றாம் படி. இறங்கியிருக்கிறது!

“இது போதும்னு இருந்துடாதீங்க. இன்னும் ஆறு மாசம்,” என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அவர், “பாத்தியா, நான் அன்னிக்கே—”

“ஐயோ, லிஃப்ட்ட விடுங்க!” என்றேன். அழுதுகொண்டேதான்.

மார்ச் 28

மாற்றம் எதுவும் இல்லை. வைரஸும் தென்படவில்லை. அடுத்த பரிசோதனை ஒரு வருஷம் கழித்து. தேதியைப் பச்சை ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன்.

பாப்பாவின் தடுப்பூசி அட்டையைப் புரட்டினேன். இதே வைரஸுக்கு ஒன்பது வயதில் ஓர் ஊசி. பக்கத்தில் வருஷத்தைக் குறித்துக்கொண்டிருந்தபோது அவர் எட்டிப் பார்த்தார்.

“ரெண்டு ஃபைல் ஆச்சு. மூணாவது ஒண்ணு வாங்கணுமா?”

“வாங்கலாம். என்னிக்குன்னு நான் சொல்றேன்,” என்றேன்.