அம்மா வேலையில் இருக்கிறாளாம்

வியாழக்கிழமை.

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. பேரியல் பொருளாதார வகுப்பில் வேலையின்மைக்கு உதாரணம் கேட்டார் சார். அம்மாவைச் சொன்னேன். பனியன் கம்பெனியில் திங்களன்று அரை நாள் செக்கிங் பார்த்தாள். ஆர்டர் இல்லையென்று அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் கூப்பிடவே இல்லை.

"வாரத்துல ஒரு மணி நேரம் செஞ்சிருந்தாலே போதும்மா. கவர்மென்ட் எடுக்கற சர்வே கணக்குல அவங்க வேலையில இருக்கறவங்கதான்" என்றார். வகுப்பே சிரித்தது. எந்த மகராசன் போட்ட கணக்கு இது?

வீட்டுக்கு வந்து கொட்டித் தீர்த்தேன். கூப்பிடுவார்கள் என்று காலையில் கட்டிய சாப்பாட்டை வீட்டிலேயே தின்றுவிட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள் அம்மா. அவள் சிரிக்கவில்லை.

"எந்தக் கம்பெனியில எனக்கு வேலை இருக்குதுன்னு உங்க சாரைக் கேட்டுட்டு வா கண்ணு. காத்தால நேரமே போயிக்கறேன்."