பாரபட்சம் என்ற சொல்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கவிதா இன்று பிரிக்பீல்ட்ஸில் எங்கள் நாளிதழ் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். தொலைதூர விண்மீன் மண்டலங்களின் வடிவத்தை அளப்பவர். கண்ணுக்குப் புலப்படாத பொருளின் ஈர்ப்பு அவ்வடிவங்களை மிக லேசாக நெளிக்கும். தொலைநோக்கியின் மங்கலும் நெளிக்கும். அதனால் தம் அளவீடு ஒரு பக்கம் சாய்வதைக் கண்டுபிடித்துத் திருத்தியவர் அவரேதான். அந்தச் சாய்வை அவர் துறையினர் ஆங்கிலத்தில் ‘பையஸ்’ என்பார்கள். நேற்றைய செய்தியில் நான் அதை ‘பாரபட்சம்’ என்று எழுதினேன். தலைப்பு, ‘ஆய்வில் பாரபட்சம்: கவிதா ஒப்புதல்’.

“அங்கிள், நான் எந்த கேலக்ஸிக்குச் சலுகை காட்டினேன்? நாளைக்கு யூனிவர்சிட்டில என் காண்ட்ராக்டை நீட்டிக்கிற மீட்டிங் லா. யாரோ இதை மலாய்ல மாத்தி டீனுக்கு அனுப்பிட்டாங்க.”

திருத்தத்தை உடனே எழுதி ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் என்னைவிட இளையவர்.

“அச்சுப்பிழைன்னு போட்டுடலாமே, அண்ணே. முப்பது வருஷமா நீங்க சம்பாதிச்ச பேரு.”

“அச்சுப்பிழைன்னா டீன் நம்பமாட்டார். நிருபரின் பிழைன்னு என் பேரோட போடுங்க. முதல் பக்கத்துல.”

அவர் தாளை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார். பக்கம் இந்நேரம் அச்சுக்குப் போயிருக்கும். கவிதாவின் கூட்டம் காலை ஒன்பது மணிக்கு. பேப்பர் ஆறு மணிக்கே கடைக்கு வந்துவிடும். எப்படிப் போட்டிருக்கிறார் என்று பார்க்க அங்கே நிற்பேன்.